ஸ்டெல்லா மன்னிக்கவில்லை

அந்தச் செய்தி வெப்ப அளவுகளுக்கு நடுவில் வந்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நண்பகல் நேரத்தில் வேறு எதுவும் எழுதக் கூடாது என்பது ஸ்டெல்லா போட்ட விதி. அந்நேரத்தில் ஒவ்வொருவரும் தம் வீட்டுச் சுவரில் தொங்கும் கருவியைப் பார்த்து, தெருவின் பெயர், வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றை மட்டும் எழுதுவார்கள். அன்றும் ஒண்டிப்புதூரிலிருந்து ஒன்று, உப்பிலிபாளையத்திலிருந்து ஒன்று என்று வந்துகொண்டிருந்தன. இடையில் ஸ்டெல்லாவின் அண்ணி லூர்து மேரியின் வரி வந்தது. "ஸ்டெல்லா போயிட்டாங்க. நாளைக்குக் காலைல அடக்கமுங்க."

பிறகு சிங்காநல்லூரிலிருந்து ராமாத்தாள் தன் வீட்டு அளவை எழுதினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுதினார்கள். துக்கம் தெரியாதவர்கள் அல்ல அவர்கள். ஒரு நாள் அளவு விட்டுப்போனால் ஸ்டெல்லாவுக்கு எப்படிக் கோபம் வரும் என்று தெரிந்தவர்கள்.

மாலைக்குள் இன்னொன்றும் வந்தது. இந்நகரின் வெப்பத் திட்டத்தைத் தயாரித்துக் கொடுத்த ஆலோசனை நிறுவனத்தின் தலைவர் ஓர் அஞ்சலி வெளியிட்டிருந்தார். சகோதரி ஸ்டெல்லாவோடு தோளோடு தோள் நின்று உழைத்ததைத் தன் வாழ்வின் பெரும்பேறாகக் கருதுவதாக எழுதியிருந்தார். கூடவே ஒரு புகைப்படம். அதில் இருவரும் அருகருகே நிற்கிறார்கள். அவர் சட்டை முழுக்க நனைந்திருக்கிறது. ஸ்டெல்லாவின் முகத்தில் ஒரு துளி வியர்வை இல்லை. அந்தப் படம் எங்கே, எந்தச் சூழலில் எடுக்கப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் விட்டால், ஸ்டெல்லாவைப் பற்றிய கடைசிச் சொல் அந்த மனிதருடையதாகிவிடும். அது நடக்க விடமாட்டேன். அவர் பெயரை மட்டும் எழுதமாட்டேன். ஸ்டெல்லாவின் பெயருக்குப் பக்கத்தில் அது இன்னொரு முறை அச்சாக வேண்டியதில்லை.

ஸ்டெல்லாவை நான் முதலில் பார்த்தது நான் பாடம் நடத்தும் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில். சவுக்காரக் கட்டி அளவே இருந்த வெப்பமானிகளை ஒரு மஞ்சள் பை நிறையக் கொண்டுவந்திருந்தார். அவை சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துத் தர முடியுமா என்று கேட்டார். சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், துணிக்கடைகளின் விற்பனைப் போக்கைக் கணித்துச் சொல்லும் வேலையில் இருந்தார். நல்ல வேலை. நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். படித்தவர்கள் இப்படிப் பூமிக்காக இறங்கி வருவது மகிழ்ச்சி என்றேன். அவர் கருவிகளை மேசைமேல் அடுக்கிக்கொண்டே பதில் சொன்னார்.

"நான் பூமியைக் காப்பாத்த வரலீங்க சார். எங்கண்ணனைக் குடிகாரன்னு சொல்லிப்போட்டாங்க. அதுக்காக வந்திருக்கறேனுங்க."

அவருடைய அண்ணன் அந்தோணி சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பவுண்டரிப் பட்டறையில் வேலை செய்தவர். வார்த்தெடுத்த இரும்பின் பிசிறுகளைச் சாணைபிடித்து நீக்கும் வேலை. மேலே சிமெண்ட் ஷீட், பக்கத்தில் உலை, மின்விசிறி என்று பெயருக்கு ஒன்று. ஒரு சித்திரை மாதப் பிற்பகலில் தலை சுற்றுகிறது என்று சொல்லிச் சுவரோரம் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதினார்கள். அதோடு நின்றிருந்தால் ஸ்டெல்லா துணிக்கடைகளுக்கே கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருப்பார். அடக்கத்துக்கு வந்த பட்டறை முதலாளி, கல்லறைத் தோட்டத்து வாசலில் நான்கு பேர் கேட்க, "குடிச்சுப்போட்டு வெயில்ல நின்னா உடம்பு தாங்குமுங்களா?" என்று சொன்னார். அந்தோணி, திருமணமான ஆண்டிலேயே மாதாவுக்கு வேண்டிக்கொண்டு குடியை விட்டவர். லூர்து மேரி பக்கத்தில்தான் நின்றிருந்தார். அந்தச் சொல் தெருவெல்லாம் போயிற்று. நஷ்டஈடு கேட்கப் போன இடத்திலெல்லாம் அது முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. அந்தோணியின் மகள் பள்ளியில் சண்டை போட்டுக்கொண்டு வந்தாள்.

ஸ்டெல்லா அழவில்லை என்று லூர்து மேரி பிற்பாடு என்னிடம் சொன்னார். அந்தப் பட்டறைக்குள் அன்று எவ்வளவு சூடு இருந்திருக்கும் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாராம். அதைச் சொல்ல இந்த ஊரில் ஆள் இல்லை. நகரத்தின் வெப்பத்தை அளக்கும் அதிகாரபூர்வக் கருவி, மரங்களுக்கு நடுவே, புல்தரையில், வெள்ளைப் பெட்டிக்குள் இருந்தது. அதன்படி அன்று கோயம்புத்தூரில் சாதாரண வெயில்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எங்களில் பலர் பார்த்தோம். ஸ்டெல்லா வீடு வீடாகப் போனார். ஒட்டி வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள், தையல் கூடங்கள், தறிக்கூடங்கள், ஷீட் போட்ட மாடி அறைகள். கருவியை எங்கே தொங்கவிட வேண்டும், எங்கே கூடாது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். வெயில் படும் சுவரில் மாட்டினால் கழற்றிக் கொண்டுபோய்விடுவார். பட்டறைத் தொழிலாளிகளுக்குச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சிறிய கருவி கொடுத்தார். ராமாத்தாள்தான் முதலில் சேர்ந்தவர். அவிநாசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, அந்தப் பட்டறையின் மதிலை ஒட்டிய லைன் வீட்டில் குடியிருந்தவர். இந்தப் பொட்டியைப் பார்த்தால் வெயில் குறைந்துவிடுமா என்று அவர் கேட்டபோது, குறையாது, ஆனால் இனிமேல் யாரும் உங்களைப் பார்த்து இங்கே சூடே இல்லை என்று சொல்ல முடியாது என்றாராம் ஸ்டெல்லா.

முதல் கோடை முடிந்தபோது அவர் ஒரு வரைபடம் போட்டார். தெருத் தெருவாக நிறம் தீட்டியது. ஒரே நகரத்துக்குள் இரண்டு ஊர் இருந்தது அதில் கண்கூடாகத் தெரிந்தது. பகலைவிட இரவுதான் எங்களைத் திடுக்கிட வைத்தது. மரமுள்ள தெருக்கள் பொழுது சாய்ந்ததும் குளிர்ந்தன. ஷீட் வீடுகள் விடியும்வரை ஆறவில்லை. அங்கே படுத்து எழுந்தவர்கள் அதே உடம்போடு மறுநாள் உலைக்கு முன்னால் நின்றார்கள்.

வரைபடத்தை ஸ்டெல்லா முதலில் அந்தத் தெருக்காரர்களிடம்தான் காட்டினார். எந்தக் கூரைக்கு முதலில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது, எந்த முக்கில் பந்தல் போடுவது, உச்சி வெயிலில் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் எந்தக் கல்யாண மண்டபத்தில் உட்காரவைப்பது என்று அதைப் பார்த்து அவர்களே முடிவு செய்தார்கள். தையல் கூடத்துப் பெண்கள் வரைபடத்தோடு போய்ப் பேசி, வேலை நேரத்தை விடியற்காலைக்கு மாற்றிக்கொண்டார்கள். சுண்ணாம்பு அடித்த வீடுகளில் அளவு இறங்கியதைக் குழுவில் பார்த்த அன்று ராமாத்தாள் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார்.

இந்தச் சமயத்தில்தான் அந்த ஆலோசகர் வந்தார். நகரத்துக்கு ஒரு வெப்பத் திட்டம் தயாரிக்கும் பொறுப்பு அவருடைய நிறுவனத்துக்குக் கிடைத்திருந்தது. மிகவும் மரியாதையாகப் பேசி, ஸ்டெல்லா சேர்த்த தரவுகள் முழுவதையும் கேட்டார். மக்களுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று ஸ்டெல்லா கொடுத்துவிட்டார்.

திட்டத்தை வெளியிட்ட கூட்டத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். குளிரூட்டிய அரங்கம். திரையில் வந்த வரைபடத்தைப் பார்த்ததும் ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினார். பட்டறைத் தெருக்கள் வெளிர்ப் பச்சையாக இருந்தன. மற்றவற்றோடு ஒட்டாத அளவுகள் என்று சொல்லி, மிகச் சூடான அளவுகளை எல்லாம் அந்த ஆள் நீக்கியிருந்தார். அதாவது பட்டறைகளை, ஷீட் வீடுகளை, அந்தோணி செத்த இடத்தை. அதன் விளைவாக, கூரைக்குப் பூசும் வெள்ளைப் பூச்சும் நிழற்குடைகளும் மரக்கன்றுகளும் ஏற்கெனவே நிழல் இருக்கும் சாலைகளுக்கு ஒதுக்கப்பட்டன.

ஸ்டெல்லா எழுந்து ஏன் நீக்கினீர்கள் என்று கேட்டார். ஆலோசகர் ஒலிபெருக்கியில் புன்னகையோடு பதில் சொன்னார். வீட்டம்மாக்கள் ஆர்வமாக எடுத்த கணக்கு, பாராட்ட வேண்டியதுதான், ஆனால் பாதிப் பேர் மீட்டரை அடுப்புப் பக்கத்தில் மாட்டியிருப்பார்கள் என்றார். அரங்கம் சிரித்தது. அந்தக் கருவிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தவன் நான். ஸ்டெல்லா உட்காரவில்லை. நின்றபடியே ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். வெளியே வந்ததும், நல்ல வெளிச்சம் போட்டிருந்தாங்க சார், சிரிச்சவங்க முகமெல்லாம் தெரிஞ்சுதுங்க என்றார்.

அந்தச் சிரிப்பு அங்கே முடியவில்லை. திட்டமே எங்கள் கணக்கைப் பொய் என்று சொல்லிவிட்டதால், பட்டறைக்காரர்களுக்குத் துணிவு வந்தது. சட்டைப் பையில் கருவி வைத்திருந்த தொழிலாளிகளை வாசலில் சோதனை போட்டார்கள். லைன் வீட்டுக்காரர் ராமாத்தாளைக் காலி செய்யச் சொன்னார். அவர் தட்டுமுட்டுச் சாமான்களோடு அடுத்த தெருவில் இன்னும் மோசமான ஒரு ஷீட் வீட்டுக்குப் போனார். போன அன்றே கருவியை மாட்டி அளவு அனுப்பினார்.

ஸ்டெல்லா வேலையை விட்டார். ஓர் ஆண்டு முழுக்க ஒரே கோரிக்கையைப் பிடித்துக்கொண்டு அலைந்தார். எங்கள் கருவி தப்பு என்றால் அவர்கள் கருவியைக் கொண்டுவரட்டும், ஒரே வீட்டில் இரண்டையும் வைத்துப் பார்க்கலாம். கேட்காத அலுவலகம் இல்லை. கடைசியில் ஓர் அதிகாரி, நியாயமாகத்தானே கேட்கிறார் என்று கூட்டு ஆய்வுக்குச் சம்மதித்தார். பத்திரிகைக்காரர்களுக்கு ஸ்டெல்லா சொல்லிவிட்டார்.

ஆய்வு நடந்த வீடு ராமாத்தாளுடையது. அக்கினி நட்சத்திரம். அந்த ஆலோசகர் காலையில் வெயில் ஏறுமுன் வந்து முடித்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்திருந்தார். ஸ்டெல்லா வாசலுக்கே போய், "வாங்க, வாங்க" என்று அழைத்துவந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, சொம்பில் தண்ணீர் கொடுத்தார். ஆய்வு நேரம் பிற்பகல்வரை என்று அவர்கள் இருவரும் ஒப்புக்கொண்ட கடிதத்தை நினைவூட்டினார். ஓர் அறை, தலைக்கு மேல் கைக்கெட்டும் உயரத்தில் ஷீட். அடுப்பை ராமாத்தாள் முன்தினமே வீட்டுக்கு வெளியே எடுத்துவைத்துவிட்டார். அதை அதிகாரியிடம் காட்டவும் செய்தார்.

உச்சிப் பொழுது நெருங்கியபோது அந்த மனிதர் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். சற்று நேரத்தில் கைக்குட்டை நனைந்தது. காரில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்றார்.

"உக்காருங்க. இன்னும் கொஞ்ச நேரந்தானுங்க," என்றார் ஸ்டெல்லா. "எங்கண்ணன் ஷிப்டு முழுக்க நின்னாருங்க. பக்கத்துல உலையும் இருந்துச்சுங்க."

விசிறி மேலிருந்த சூட்டைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. ஆலோசகரின் உதடு வெளுத்தது. ஸ்டெல்லா மோர் கொடுத்தார். குடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு அவருடைய நிறுவனத்துக் கருவியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"மெஷினு உங்களுதுங்க. கண்ணும் உங்களுதுங்க. நீங்களே சத்தமாப் படிங்க."

அவர் படித்தார். அது எங்கள் கருவி காட்டியதோடு ஒத்துப்போனது. அவர் நீக்கிய அளவுகளில் ஒன்றைப் போலவே இருந்தது அது. இன்னொரு முறை படிக்கச் சொன்னார் ஸ்டெல்லா, பின்னால் நிற்கும் நிருபருக்குக் கேட்கவில்லை என்றார். இரண்டாம் முறை படிக்கும்போது அந்த மனிதரின் குரல் நடுங்கியது. நான் அந்த நடுக்கத்தை ரசித்தேன். இன்றும் நினைத்து ரசிக்கிறேன். அஞ்சலியில் அவர் வெளியிட்ட படம், அந்த வீட்டு வாசலில் அப்போது எடுத்தது. அதிலிருந்த கருவிகளை வெட்டிவிட்டிருக்கிறார். வெட்டுவது அவருக்குப் பழக்கந்தானே.

திட்டம் திருத்தப்பட்டது. பட்டறைத் தெருக்களின் நிறம் மாறியது. வெள்ளைப் பூச்சு வந்தது, உச்சி வேளையில் வேலைக்கு இடைவேளை வந்தது, லைன் வீடுகளுக்கு மேல் காற்றுப் போகும் இடைவெளிவிட்ட இரட்டைக் கூரை வரத் தொடங்கியது. இதற்கெல்லாம் அந்த ஆலோசகர் வெளியூரில் ஒரு விருதும் வாங்கிக்கொண்டார். மக்கள் பங்கேற்பு என்று பேசினாராம். ஸ்டெல்லா அதைக் கேட்டுச் சிரித்தார். நல்லாப் பேசட்டுமுங்க, பேசினதெல்லாம் ரிக்கார்டு ஆகுதுங்க என்றார்.

சென்ற ஐப்பசி மழையில்தான் அவர் வயிற்றுவலி என்று சொல்லத் தொடங்கினார். கணையத்தில் புற்று. மாசி வெயில் ஏறுவதற்குள் உடம்பு கரைந்துவிட்டது. ஒரு மாலை நான் மருத்துவமனைக்குப் போயிருந்தபோது பங்குத்தந்தை வந்திருந்தார். நல்ல மனிதர். செபம் சொல்லி முடித்தபின், மனதில் யார் மீதாவது கசப்பு இருந்தால் இறக்கி வைத்துவிடு அம்மணி, லேசாக இருக்கும் என்றார். ஸ்டெல்லா கண்ணைத் திறந்தார்.

"மன்னிக்கறது ஆண்டவர் வேலைங்க சாமி. எனக்குக் கணக்கு வேலைங்க."

ஸ்டெல்லா என்னைப் பார்த்து, தறிக்கூடத்துக் கருவியில் பேட்டரி தீர்ந்துபோயிருக்கும், மாற்றினீர்களா என்று கேட்டார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது. மாற்றியிருந்தேன்.

அடக்கத்துக்குக் கூட்டம் வந்திருந்தது. வேலைக்குப் போகாமல் வந்த சாணைக்காரர்கள், தையல் கூடத்துப் பெண்கள், அந்த அதிகாரிகூட வந்தார். ஆலோசகரின் நிறுவனத்திலிருந்து ஓர் ஆள் பெரிய மலர்வளையத்தோடு வந்தான். அடுத்த வாரம் அரங்கத்தில் இரங்கல் கூட்டம், ஸ்டெல்லா பெயரில் ஒரு விருது அறிவிக்கப் போகிறார்கள், குடும்பத்தார் மேடையில் இருக்க வேண்டும் என்று அழைத்தான். லூர்து மேரி மலர்வளையத்தை வாங்கவில்லை. அந்தப் பேரை அவங்க வாயில எடுக்க வேண்டாமுன்னு சொல்லுங்க என்று ராமாத்தாளே சொல்லி அனுப்பிவிட்டார்.

மண் போட்டு முடிந்து திரும்பும்போது கல்லறைத் தோட்டத்து வாசலில் பட்டறை முதலாளியின் மகனைப் பார்த்தேன். இப்போது தொழிலை நடத்துவது அவர்தான். அப்பாவுக்கு வயதாகி வீட்டோடு இருக்கிறார். மகன் கைகூப்பியபடி லூர்து மேரியிடம் வந்தார். ஸ்டெல்லா அக்காவால்தான் பட்டறைக்குக் கூரை மாற்றினோம், இப்போது ஒருவரும் மயங்கி விழுவதில்லை, நன்றி சொல்லத்தான் வந்தேன் என்றார். மனதாரத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

லூர்து மேரி அவரை நேராகப் பார்த்தார். சத்தம் உயரவில்லை.

"கூரையை மாத்துனீங்க தம்பி. சொன்ன சொல்லை மாத்தலீங்களே."

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அது அப்பா காலத்தில் நடந்தது என்று தொடங்கினார்.

"அப்பா உசுரோடதானுங்களே இருக்கறாரு? கூட்டிட்டு வாங்க. இதே எடத்துல சொன்னாருங்க. இதே எடத்துல, அந்தோணி குடிக்கலைன்னு சொல்லச் சொல்லுங்க."

சுற்றி நின்றவர்கள் நகரவில்லை. அந்த மகன் தலையைக் குனிந்துகொண்டு, கேட்டுப் பார்க்கிறேனுங்க என்றார். சரிங்க, போயிட்டு வாங்க என்றார் லூர்து மேரி.

பெரியவர் இன்னும் வரவில்லை. இரங்கல் கூட்டம் குடும்பத்தார் இல்லாமல் நடந்ததாகக் கேள்வி.

ஸ்டெல்லாவின் கருவிகள் தெருக்களில் இருக்கின்றன. அவர் எழுதிய கணினி நிரல்களை அவரோடு வேலை செய்த இரண்டு பெண்கள் ஓட்டுகிறார்கள். வரைபடம் நகரத்தினுடையது. எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொண்டது அவருடைய கோபத்தைத்தான். ஆறிப்போகாமல், கத்தாமல், மரியாதையாக உட்காரவைத்து மோர் கொடுத்துக் கணக்குக் கேட்கும் கோபம். பூமி மீதான அன்பு எனக்கும் உண்டு. ஆனால் அந்த அன்பால் ஒரு கூரையும் மாறி நான் பார்த்ததில்லை.

லூர்து மேரி ஞாயிறுதோறும் அந்த முதலாளி வீட்டு வாசல் வழியாகக் கோயிலுக்குப் போகிறார். அது சுற்றுவழி. வாசலில் ஒரு நிமிடம் நின்று, உள்ளே பார்த்துவிட்டுப் போகிறார். ராமாத்தாளும் சேர்ந்துகொண்டார். கடந்த ஞாயிறு நானும் போய் நின்றேன்.